புலிப்பொறியும் கருவகக் குறியும்

நுழையும்முன்

முகவரி சரியாக இருப்பதனாலேயே வந்தவர் சரியானவர் ஆகிவிடுவதில்லை. வீட்டு வாயிலில் மனிதர் எளிதில் உணரும் இவ்வுண்மையைக் கணினிக்குக் கற்பிக்க அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. வலையமைப்பின் வழியே வந்துசேரும் இணைப்புகளின்மீது இயங்குதளம் இடும் பாதுகாப்புக் குறியைப் பற்றியது இப்பாடம்.

புகாரின் சுங்கச் சாலை

சோழரின் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினத்தின் சுங்கக் காட்சியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் தீட்டியுள்ளார். கடலிலிருந்து நிலத்துக்கு இறங்கிய பண்டங்களும் நிலத்திலிருந்து கடலுக்கு ஏறவிருந்த பண்டங்களும் அங்கே அளவின்றிக் குவிந்து கிடந்தன. சோழர்க்குரிய புலிச்சின்னம் பொறிக்கப்பட்ட பின்னரே அவை அங்கிருந்து வெளியேறின.

இக்காட்சியில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பொறியை இட்டவர் பண்டத்துக்கு உரிய வணிகர் அல்லர். வாயிலைக் காத்த அரசின் ஆள். தன்னைப் பற்றித் தானே சான்று கூறும் உரிமை எந்த மூட்டைக்கும் அங்கே இல்லை.

கீழப்பாவூரை அடுத்துள்ள பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையைப் போன்ற இடங்களில் மூட்டையின்மேல் மையினால் எழுதப்படும் எழுத்து வேறு வகையைச் சார்ந்தது. சரக்கு இன்னாருக்கு உரியது, இன்ன ஊருக்குச் செல்வது என்பதை மட்டுமே அது தெரிவிக்கும். கணினி வலையமைப்பில் செல்லும் தரவுப் பொட்டலங்களும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தன. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, சேரவேண்டிய துறை எண் ஆகியன அவற்றின்மேல் எழுதப்பட்டிருந்தன. புலிப்பொறியைப் போன்ற ஒன்று அவற்றில் இல்லை.

ஒரே வாயில், இருவகை வருகை

கீழப்பாவூரில் ஒரு சிறு மருத்துவமனை இருப்பதாகக் கொள்வோம். அங்கே சேவையகக் கணினி ஒன்றே உள்ளது. வாயிலில் வரிசைச் சீட்டு வழங்கும் கணினியும் மருத்துவர் அறையில் உள்ள கணினியும் அந்தச் சேவையகத்தோடு ஒரே துறை எண்ணின் வழியாகப் பேசுகின்றன. இடையில் நிற்கும் தீயரண் முகவரியையும் துறை எண்ணையும் பார்க்கிறது; இரண்டும் முறையாக இருப்பதால் இருவரையும் உள்ளே விடுகிறது. நோயாளியின் பெயரை மட்டும் அறியவேண்டியவர் யார், நோயின் தன்மையையும் அறியவேண்டியவர் யார் என்னும் வேறுபாட்டைக் காக்கும் பொறுப்பு முழுவதும் சேவையகத்தில் இயங்கும் மென்பொருளின் தலையில் விழுகிறது.

அந்த மென்பொருளில் ஒரு பிழை இருந்தால் என்னாகும்? பிழையைப் பயன்படுத்தி அதனைத் தன்வயப்படுத்திக்கொண்டவருக்குக் கடவுச்சொல் தேவையில்லை. காவலரும் கள்வரும் ஒருவரே ஆகிவிடுகின்றனர். எனவேதான் காவலை மென்பொருளிடமிருந்து பிரித்து, அதற்கும் கீழே உள்ள இயங்குதளத்தின் கருவகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்னும் கருத்து எழுந்தது. கெர்னல் எனப்படும் இக்கருவகத்தைக் கடக்காமல் எந்த நிரலும் ஒரு கோப்பைத் திறக்கவோ ஒரு பொட்டலத்தைப் பெறவோ இயலாது. குளத்து நீர் வயலைச் சேர்வதற்கு மடையன்றி வேறு வழி இல்லாததைப் போன்றது இது.

கூடங்குளத்தில் நிகழ்ந்தது

மருத்துவமனையைவிடப் பன்மடங்கு பெரிய இடத்திலும் இதே வினா எழுந்துள்ளது. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியமைப்பில் தீநிரல் ஒன்று இருப்பது குறித்து இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன் தகவல் அளித்தது. இதனை இந்திய அணுமின் கழகம் அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட கணினி, அலுவலகப் பணிகளுக்கென இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த வலையமைப்பைச் சார்ந்தது என்றும், முதன்மையான உள் வலையமைப்பு அதனின்றும் தனித்து வைக்கப்பட்டுள்ளது என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

அங்கே இருவகைப் பணிகளுக்கும் இடையே நின்றது தனித்தனி வலையமைப்பு என்னும் வேலி. இதனினும் வலிய காவல் வேறு இல்லை. ஆயினும் ஆயிரம் மெகாவாட் உலைகளை இயக்கும் நிறுவனத்துக்கு இயலுவது ஊர் மருத்துவமனைக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ இயலாது. அவர்களிடம் உள்ள கம்பி ஒன்று, சேவையகம் ஒன்று. ஒரே கம்பியில் வருவனவற்றை உள்ளே வேலியிட்டுப் பிரித்தாக வேண்டும்.

குறியின் வரலாறு

டேவிட் பெல், லியோனார்டு லபடூலா என்னும் இருவர் 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கு ஒரு கணித அடிப்படையை வகுத்தனர். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு நிலை உண்டு. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு நிலை உண்டு. தாழ்ந்த நிலையில் உள்ளது உயர்ந்த நிலையில் உள்ளதைப் படிக்கக்கூடாது. இவ்விதி எவருக்கும் எளிதில் விளங்கும். உயர்ந்த நிலையில் உள்ளது தாழ்ந்த நிலையில் எழுதவும் கூடாது என்னும் இரண்டாம் விதியே முதலில் வியப்பளிப்பது. மருத்துவர் தாமே மறைச்செய்தியை வெளியிடமாட்டார் என நம்பலாம். அவர் பெயரால் இயங்கும் நிரலுக்குள் ஒரு தீநிரல் ஒளிந்திருந்தால், அவரறியாமல் அது செய்தியைக் கீழே கசியவிடும். நம்பிக்கைக்குரியவரின் கையையும் கட்டும் அவ்விதி, உண்மையில் அவருக்குப் பின்னே நிற்பதன் கையையே கட்டுகிறது.

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை இவ்வகைக் காவலை லினக்ஸ் கருவகத்துக்குப் பொருத்தி, எஸ்.இ.லினக்ஸ் என்னும் பெயரில் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அனைவர்க்கும் திறந்துவிட்டது. 2003ஆம் ஆண்டு அது லினக்ஸின் முதன்மைக் கருவகத்திலேயே இடம்பெற்றது. அதன் குறி நான்கு உறுப்புகளை உடையது: பயனர், பொறுப்பு, வகை, நிலை. கோப்புகளுக்கும் நிரல்களுக்கும் குறியிடுதல் முதலில் அமைந்தது. வெளியூர்க் கணினி இடும் குறியைப் பொட்டலத்தோடு பெற்று மதிக்கும் நெட்லேபல் என்னும் பகுதி 2006ஆம் ஆண்டு, கருவகத்தின் 2.6.19 பதிப்பில் சேர்ந்தது.

தாயின் குறியா, வந்தவரின் குறியா?

ஓர் இணைப்பு மூன்று பொட்டலங்களால் பிறக்கிறது. மருத்துவர் அறைக் கணினி முதலில் ஒரு வேண்டுகோள் பொட்டலத்தை அனுப்புகிறது. சேவையகம் அதற்கு விடை அனுப்புகிறது. விடை கிடைத்ததை முதற்கணினி உறுதி செய்யும்போது இணைப்பு முழுமை பெறுகிறது. சேவையகத்தின் பக்கம் சாக்கெட் எனப்படும் தொடர்புமுனை ஒன்று எப்போதும் செவிசாய்த்துக் காத்திருக்கும். வந்துசேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் அதிலிருந்து ஒரு புதிய சாக்கெட் பிறக்கும். அப்பிள்ளைக்கு எந்தக் குறியை இடுவது?

தாய்ச் சாக்கெட்டின் குறியையே இட்டால் வரிசைச் சீட்டுக் கணினியிலிருந்து வந்ததும் மருத்துவரிடமிருந்து வந்ததும் ஒன்றாகிவிடும். குறியிட்ட பயனே இல்லை. வந்தவரின் குறியை முழுமையாக இட்டால், சேவையகத்தின் சாக்கெட் அயலாருடையதாகிவிடும். சேவையக நிரலுக்கென வகுத்த விதிகள் அதற்குப் பொருந்தா. எஸ்.இ.லினக்ஸ் கண்ட வழி இரண்டுக்கும் நடுப்பட்டது. பயனர், பொறுப்பு, வகை ஆகிய மூன்றும் தாயிடமிருந்து வரும். நிலை மட்டும் வந்தவரிடமிருந்து வரும்.

குறியிடும் காலமும் சிந்தித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதே. முதற்பொட்டலம் வந்தவுடன் கருவகம் அதன் குறியைப் படித்து, அக்குறியுடையவர் இச்சாக்கெட்டை அணுகலாமா என்று பார்க்கிறது. கூடாதெனின் பொட்டலம் அங்கேயே விலக்கப்படும். ஒருவர் வந்து போனதைச் சேவையக நிரல் அறியவே அறியாது. கூடுமெனின் புதிய குறியைக் கணித்து ஒரு சிறு பதிவில் எழுதி வைக்கிறது. மூன்றாம் பொட்டலம் வந்து சாக்கெட் பிறக்கும்போது அப்பதிவிலுள்ள குறி அதன்மீது படிகிறது.

இதன் பின்னர்ச் சேவையக நிரல், எதிர்முனையில் இருப்பவரின் குறி யாது என்று கருவகத்தைக் கேட்டறியலாம். இவ்வசதியை அறிந்து எழுதப்பட்ட நிரல், அந்நிலைக்கு ஏற்ற ஒரு துணைநிரலைத் தோற்றுவித்து வேலையை அதனிடம் ஒப்படைக்கும். வரிசைச் சீட்டு இணைப்புக்காகப் பிறந்த துணைநிரல் எவ்வளவு பிழையுடையதாயினும் நோய்க்குறிப்புக் கோப்பைத் திறக்க முயன்றால் கருவகம் மறுத்துவிடும்.

குறி செல்லும் வழியும் அதன் எல்லையும்

இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் பொட்டலத் தலைப்பின் இன்றியமையாப் பகுதி 20 பைட்டுகள். அதனோடு விருப்பப்பகுதியாக 40 பைட்டுகள் வரை சேர்க்கலாம். சிப்சோ என்னும் முறை, 134 என்னும் அடையாள எண்ணோடு அவ்விருப்பப்பகுதியில் குறியை எழுதுகிறது. அதில் இருப்பன வெறும் எண்களே. மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டதுபோல, ஓரிடத்து 3 மற்றோரிடத்தில் வேறு பொருள் தரக்கூடும். ஆதலால் எந்த வழக்கின்படி இவ்வெண்களுக்குப் பொருள் கொள்வது என்பதைச் சுட்டும் ஓர் எண்ணும் உடன் செல்கிறது. இருமுனையும் அதில் ஒத்திருந்தாலன்றிக் குறி பயன்படாது. குறியே இல்லாமல் வரும் பொட்டலத்துக்கு, அது எந்த முகவரியிலிருந்து எந்த இடைமுகத்தின் வழியே வந்தது என்பதைக்கொண்டு கருவகம் தானே ஒரு குறியை இடுமாறும் அமைக்கலாம்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. பொட்டலத்தில் எழுதிய எண்ணை வழியில் ஒருவர் மாற்றிவிட்டால்? சிப்சோவில் அதனைத் தடுக்கும் வழி ஏதுமில்லை. புகாரில் போலிப் புலிப்பொறியை அஞ்சவைத்தது அங்கு நின்ற காவல். பொறியின் வடிவம் அன்று. எனவே அயலார் புகக்கூடிய வலையமைப்புகளில், ஐபிசெக் என்னும் மறைகுறியாக்க முறையின் உடன்பாட்டோடு குறியையும் பிணைத்து அனுப்பும் வழி கையாளப்படுகிறது. அதில் குறியை மாற்றுவதற்கு மறைச்சாவி வேண்டும். மற்றோர் இடரும் உண்டு. பொது இணையத்திலுள்ள திசைவிகள் பல, விருப்பப்பகுதியுடைய பொட்டலங்களை ஐயுற்று விலக்கிவிடுகின்றன.

இதே குடும்பத்துக் காவல் மாணவர் பலரின் கையில் இன்று இருக்கிறது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பிலிருந்து எஸ்.இ.லினக்ஸ் காவல் கைப்பேசிகளில் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. ஒரு செயலி மற்றொன்றின் கோப்புகளைத் தொடாமல் தடுப்பதில் அக்குறிகளுக்கும் பங்குண்டு. கைப்பேசியில் அக்குறிகள் கருவிக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. பொட்டலத்தில் ஏறிக் கணினிவிட்டுக் கணினி செல்லும் குறிகளோ, அவற்றின் பொருளைப் பற்றி முன்னரே உடன்பட்ட, ஒரே நிருவாகத்தின்கீழ் அமைந்த வலையமைப்புகளுக்குள்ளேயே பெரும்பாலும் வழங்கிவருகின்றன.