தழும்பு யார் காலில்?

அன்புள்ள மல்லிகாவுக்கு,

கிரகப்பிரவேசப் பந்தியில் நீ பாதி இலையில் எழுந்து போனது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனபோது பதினோரு ராத்திரியும் தான்தான் கண் விழித்ததாக உங்கண்ணன் சொன்னான். விழித்தது நீ. ராத்திரி பத்து மணிக்கு நான் போன் போட்டபோதெல்லாம் கேட்டது உன் குரல்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவனைப் 'பொய்யன்' என்றாயே, அந்த வார்த்தைதான் எனக்கு ஒப்பவில்லை.

என் ஆணிக் கதை உனக்குத் தெரியும். ஆறு வயதில் தேர் பார்க்க ஓடி, காலில் துருப்பிடித்த ஆணி ஏறி, உன் பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சுடச்சுட அப்பியது. அந்த எரிச்சல் இப்போதும் என் உள்ளங்காலில் தெரியும். போன வருஷம் பேரன் தழும்பைக் காட்டச் சொன்னான். இரண்டு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. உங்கம்மா பேசாமல் தன் இடது காலை நீட்டினாள். நீ தினமும் எண்ணெய் தடவுகிற அதே கால்.

நான் பொய் சொன்னேனா? நியூசிலாந்தில் மெர்சிடீஸ் ஷீனும் கூட்டாளிகளும் இரட்டையர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, அது கிளப்புகிற பழைய நினைவைச் சொல்லச் சொன்னார்கள். 2001-இல் வந்த ஆய்வு. 20 ஜோடிகளில் 14 ஜோடி ஒரு சம்பவத்துக்காவது 'அது எனக்கு நடந்தது', 'இல்லை, எனக்கு' என்று முட்டிக்கொண்டன. மனசு காட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. அதைக் கண்ணால் பார்த்தோமா, காதால் கேட்டோமா என்பதை அவ்வளவு அக்கறையாகக் குறித்து வைப்பதில்லை. சலைன் தீர்ந்தது, அம்மா முனகியது, நர்ஸ் கடிந்துகொண்டது எல்லாவற்றையும் பெங்களூரில் இருந்த உங்கண்ணனுக்கு நீதான் ஒன்று விடாமல் சொன்னாய். அவன் அங்கே தூக்கம் வராமல் அத்தனையையும் மனசில் ஓட்டிப் பார்த்திருப்பான். சனி, ஞாயிறு வந்து தங்கிய இரண்டு ராத்திரியோடு அதெல்லாம் ஒட்டிக்கொண்டது. கண் விழித்தது நிஜம், ஊர்தான் மாறிப்போச்சு.

உன் கணக்கையும் ஒரு தரம் பார். ராஸ், சிக்கோலி என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவியிடம் தனித்தனியே வீட்டு வேலையில் அவரவர் பங்கைக் கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டையும் கூட்டினால் முழுசையும் தாண்டியது! (உங்கத்தையிடம் இதைச் சொல்லிவிடாதே.) காலையில் காப்பி பிளாஸ்க்கோடு வந்து உன்னைத் தூங்க அனுப்பிய அண்ணியைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு உங்கண்ணன் வருகிறானாம். ராத்திரிக் கணக்கை எடுக்காதே. அவன் இருந்த அந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் கேள். அம்மா அவனிடம் சொல்லி உனக்குத் தெரியாத ஏதாவது இருக்கும்.

பேரன் தழும்பைக் கேட்ட அன்றைக்கு உங்கம்மாவிடம் கேட்டேன்: "இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டியே அக்கா, ஒரு தடவைகூடச் சொல்லலையே?"

"நீ நல்லா சொன்னியேடா" என்றாள்.

உன் மாமா