ஆர்.கே.பேட்டை பஸ்: பர்மிட் முதல் பணிமனை வரை – முக்கியக் குறிப்புகள்

போன மாதிரித் தேர்வில் "சேரன் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய ஆண்டு" கேட்டிருந்தார்கள். 1974 என்று எழுதி ஒன்றரை மார்க் போனது. சரியான விடை 1972. தினம் இரண்டு பஸ் மாறித் திருத்தணிக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறவனுக்கு பஸ் கேள்வியிலேயே மார்க் போனால் எப்படி? அந்தக் கடுப்பில் போட்ட நோட்டு இது. கழகங்களின் பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்காமல், எங்கள் ஊர் பஸ் நிலையத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். அப்படிப் படித்தால்தான் மனதில் நிற்கிறது.

ஊரும் தொழிலும்

● முழுப்பெயர் இராமகிருஷ்ணராஜுபேட்டை. திருவள்ளூர் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றின் தலைமையிடம். மாவட்டம் பிறந்த நாள் 1997 ஜனவரி 1 (செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து பிரிந்தது).

● தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை அரக்கோணம் வழியாகப் போனது. பிறகு வந்த மும்பைப் பாதை திருத்தணி வழியாகப் போனது. இரண்டுக்கும் இடையில் விட்டுப்போன மூலைதான் ஆர்.கே.பேட்டை. ரயில் இல்லாத ஊரில் பஸ்தான் எல்லாம்: ஆஸ்பத்திரி, கல்லூரி, கோர்ட்டு, சந்தை.

● பிழைப்பு தறி. ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை மூன்றும் தறி ஊர்கள். விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் 1983-இல் எம்.ஜி.ஆர். தொடங்கியது. விசைத்தறிக்கு இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது 2023-இல். கைத்தறிக்கு 200-லிருந்து 300.

● தறிக்கும் பஸ்ஸுக்கும் என்ன உறவு என்பவர்கள் காலை முதல் பஸ்ஸில் ஏறிப் பார்க்கலாம். பின்படிக்கட்டுப் பக்கம் வெள்ளைத் துணியில் முடிந்த சேலைக் கட்டு இருக்கும். அதன் மேலேயே உட்கார்ந்து, கண்டக்டர் லக்கேஜ் கேட்கும்வரை தூங்குவதுபோல் இருப்பார் ஒரு பெரியவர். கண்டக்டருக்கும் தெரியும். "தாத்தா, கட்டுக்குத் தனி டிக்கெட்" என்பார். தாத்தா கண்ணைத் திறக்காமலே சில்லறையை நீட்டுவார்.

எல்லை (கட்டாயம் ஒரு கேள்வி வரும்)

● 1911 ஏப்ரல் 1: சித்தூர் மாவட்டம் உருவானது, திருத்தணிப் பகுதி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1: ஆந்திர மாநிலம். 1956 நவம்பர் 1: ஆந்திரப் பிரதேசம். 1960 ஏப்ரல் 1: திருத்தணி, பள்ளிப்பட்டு பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன.

● அடிப்படை: படாஸ்கர் பரிந்துரை, 1959-இன் எல்லை மாற்றச் சட்டம். போராட்டத்தில் ம.பொ.சி., மங்கலங்கிழார். சென்னைக்குக் கிடைத்தது 405 சதுர மைல், கொடுத்தது 326 சதுர மைல். கொடுத்ததில் சத்தியவேடு அடங்கும். இன்று ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை இருப்பது அங்கேதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வரி மறக்காது.

● ஆக, வீட்டைவிட்டு நகராமலே எங்கள் தாத்தாக்கள் மூன்று மாநிலங்களில் குடியிருந்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு அந்த வசதி இல்லை. ஒரு மாநிலம் கொடுத்த பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல, அந்த மாநிலத்தின் மேலொப்பம் வேண்டும் (இப்போதைய சட்டத்தில் பிரிவு 88). சோளிங்கர் 2019-இல் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. நகரி ஆந்திராவில். பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் டி.என். 20, டி.என். 73, ஏ.பி. 03 மூன்று நம்பர் வண்டிகளையும் பார்க்கலாம்.

பர்மிட் சட்டம்

● மோட்டார் வாகனச் சட்டங்கள் வரிசை: 1914, 1939, 1988. கடைசியது அமலுக்கு வந்தது 1989 ஜூலை 1. சட்டத்தின் ஆண்டும் அமலான ஆண்டும் வேறு வேறு, இங்கேதான் வழுக்குவோம்.

● வழித்தடத்துக்கு பர்மிட் வாங்கித்தான் ஓட்ட வேண்டும் என்ற பிடி இறுகியது 1939 சட்டத்தில். பிரிட்டனில் 1930-இலேயே இப்படி உரிமம் கட்டாயமாகிவிட்டது.

● ஸ்டேஜ் காரேஜ்: ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றி, ஆளுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் வண்டி – பிரிவு 2(40). பர்மிட் ஆயுள் 5 ஆண்டு – பிரிவு 81. அரசியலமைப்பில் இயந்திர வாகனங்கள் பொதுப் பட்டியல் 35. வாகன வரி மாநிலப் பட்டியல் 57.

முதலாளிகள்

● டி.வி. சுந்தரம் ஐயங்கார்: 1911, மதுரை. ஜி.டி. நாயுடு: 1920-இல் ஒரே வண்டி, பொள்ளாச்சி–பழனி, அதைத் தானே ஓட்டினார். பின்பு யு.எம்.எஸ். பஸ் கம்பெனி. பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர்: ஏ.பி.டி., 1931. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுவில் பஸ் ஓடியது. அதற்கான கருவியை டி.வி.எஸ். தயாரித்தது.

● சேசிஸ் எங்கிருந்து? சென்னைக்கு வடக்கே எண்ணூர். 1948-இல் அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுவது என்றால் கரூர்.

● 1956-இல் சென்னை அரசு பர்மிட் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. சொந்தப் பட்டறை இருந்தால் மார்க், வழித்தடத்தில் வீடோ தொழிலோ இருந்தால் மார்க், அனுபவத்துக்கு மார்க். நம்மைப் போலவே பஸ் முதலாளிகளும் கட் ஆஃப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம். லேத், வெல்டிங், டிங்கரிங், ஸ்பிரிங் பட்டை அடிப்பவர், போர்டு எழுதும் பெயின்டர் என ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் இத்தனை கைத்தொழில். பட்டறைக்கு மார்க் என்ற அந்த விதி நல்ல விதி என்பேன்.

● ஆனால் பி. ராஜகோபால நாயுடு வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ஏற்கவில்லை. காரணம் பட்டறையல்ல: நீதிமன்றம்போல் முடிவெடுக்க வேண்டிய ஆணையத்துக்கு "இப்படித்தான் முடிவெடு" என்று அரசு உத்தரவிட முடியாது.

● பஸ் முதலாளிகள் போட்ட வழக்கு நிர்வாகச் சட்டத்தையே திருத்தியது. குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கு: ஆந்திராவில் வழித்தடங்களை நாட்டுடைமையாக்கியபோது ஆட்சேபத்தைக் கேட்டவர் துறைச் செயலாளர், முடிவு செய்தவர் முதலமைச்சர். கேட்டவரே தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது ஆர்.கே.பேட்டையும் ஆந்திராவில்தான் இருந்தது. மறக்காமலிருக்க எனக்கு இதுவே போதும்.

● இதே நாட்டுடைமை விவகாரத்தில், கர்னூல் வழித்தட வழக்கில் வந்த கண்டனத்தால் 1964-இல் முதலமைச்சர் பதவியை விட்டவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. 1977-இல் குடியரசுத் தலைவர்.

அரசு வண்டி

● 1947: சென்னை நகர பஸ் அரசிடம். 1953: சென்னையில் டிராம் நின்றது. 1967–69: மு. கருணாநிதி அமைச்சராக இருந்தபோது சென்னையிலிருந்து 75 மைலுக்கு மேற்பட்ட வழித்தடங்கள் நாட்டுடைமை. 1971: 50 பஸ்ஸுக்கு மேல் வைத்திருந்த முதலாளிகளின் வண்டிகளைக் கையகப்படுத்தும் சட்டம். நாலைந்து பஸ் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். மொபசலில் இன்றும் தனியார் பஸ் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

● பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் நான்கும் 1972. அண்ணா (சேலம்) 1973, கட்டபொம்மன் 1974, தந்தை பெரியார் (விழுப்புரம்) 1975. தலைவர்கள் பெயர் நீங்கியது 1997 ஜூலையில். இப்போது மாநகர், விரைவு, ஆறு கோட்டங்கள் என மொத்தம் எட்டு. எங்கள் பக்கம் விழுப்புரம் கோட்டம், திருவள்ளூர் மண்டலம்.

● பொறி: சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டம் 1950-இன்கீழ் வருவது ஆந்திராவின் கழகம் (1958 ஜனவரி 11). தமிழ்நாட்டுக் கழகங்கள் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானவை. பெயரில் "கழகம்" இருக்கிறதே என்று டிக் அடித்துவிடாதீர்கள்.

● மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961: ஐந்து பேர் வேலை பார்த்தாலே பொருந்தியது (2025 வரை). நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. விடிகாலை முதல் டிரிப் எடுத்து ராத்திரி கடைசி வண்டியையும் ஓட்டும் டிரைவரிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்.

இப்போது

● மினி பஸ் 1997. புதிய திட்டம் 2025 ஜூன், 25 கி.மீ. வரை, அதில் 65 சதவீதமாவது பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். 

● விடியல் பயணம் (பெண்களுக்கு இலவசப் பயணம்): 2021 மே 8, அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும். தனியார் பஸ்ஸில் செல்லாது. அதனால் தறிக்குத் தார் சுற்றப் போகும் அக்கா, தனியார் பஸ் காலியாக வந்தாலும் ஏறாமல் நிற்பார். ஆந்திராவில் இதேபோன்ற ஸ்திரீ சக்தி 2025 ஆகஸ்ட் 15.

● திண்டிவனம்–நகரி ரயில் பாதை: 2006-07 ரயில்வே பட்ஜெட். சோளிங்கர், பள்ளிப்பட்டு வழி. பாதை இன்னும் முடியவில்லை. திருத்தணிக்குப் போக பஸ்தான்.