உள்ளத் துயரும் உரையாடும் பொறியும்



புனே நகரின் கோந்த்வாப் பகுதியில் அறையெடுத்துத் தங்கிப் பயில்பவன் நான். சென்ற பருவத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறினேன். ஊருக்குச் சொன்னால் அம்மா கலங்குவார். அறைத் தோழரிடம் மனம் திறக்க என் இந்தி போதாது. நள்ளிரவில் கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் தமிழிலேயே துயரைக் கொட்டினேன். அது சலிக்காமல் விடை தந்தது. பாரம் சற்றே இறங்கிற்று. ஆறுதல் தந்தது யார்? இவ்வினா எழவே, சில செய்திகளைத் தேடிப் பயின்றேன்.

இம்முயற்சி புதிதன்று. 1966-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம், ‘எலைசா’ என்னும் உரையாடும் நிரலை வெளியிட்டார். “வருத்தமாயிருக்கிறது” என்றால், “எதனால் வருத்தம்?” எனச் சொல்லையே திருப்பிக் கேட்பது அதன் திறம். பொருள் அதற்கு விளங்காது. எனினும், அது வெறும் நிரலே என்பதை நன்கறிந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனித்துப் பேச விரும்பி, அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னார்! வைசன்பாம் திகைத்தார். மனிதப் பரிவு வேண்டும் பணிகளைப் பொறியிடம் ஒப்படைத்தல் ஆகாதென 1976-இல் நூலே எழுதினார்.

இன்றைய பொறி எண்ணிலா எழுத்துகளைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துத் தொடுக்கிறது. அதனால் பயனே இல்லையா? உண்டு. 2017-இல் வெளியான ஆய்வொன்றில், இளைஞர் 70 பேரில் ‘வோபாட்’ பொறியோடு இரு வாரம் உரையாடியோர்க்குச் சோர்வு குறைந்தது. நம் பெங்களூரில் தோன்றிய ‘வைசா’வும், தவறான எண்ணத்தை ஆராய்ந்து திருத்தும் பயிற்சியை அளிக்கிறது. எனினும் இரு வார ஆய்வு வாழ்நாளுக்குச் சான்றாகாது. 2025-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், பொறி தானே உளச்சிகிச்சை அளிப்பதைச் சட்டத்தால் தடுத்தது.

குறையை நானே கண்டேன். “என்மேல் ஒருவருக்கும் அன்பில்லை” என்று எழுதினேன். “அவ்வாறு தோன்றுவது இயல்பே” என இசைந்தது பொறி. அதையே மறுநாள் நம் மன்றத்து அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். “யாரடா சொன்னது? உன் முகம் வாடியிருப்பதை நான் நான்கு நாளாகப் பார்க்கிறேன். முதலில் சாப்பிட வா” என்று கையைப் பிடித்து இழுத்துச் சென்றார். பொறி இசைந்தது, அண்ணன் மறுத்தார். அம்மறுப்பே எனக்கு மருந்தாயிற்று. அன்றிரவே அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன்.

ஆகவே நாம் கொள்ளத்தக்கவை மூன்று:

1. எண்ணங்களை எழுதித் தெளியப் பொறியை ஏடுபோலப் பயன்படுத்தலாம்.

2. நோய் எது, மருந்து எது என்று அதனிடம் கேட்டு முடிவு செய்யலாகாது.

3. உயிரை வெறுக்கும் எண்ணம் எழுந்தால், உடனே ஒரு மனிதரை நாடவேண்டும். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

தோழர்களே! அடுத்த அறையில் நள்ளிரவிலும் விளக்கெரிந்தால், கதவைத் தட்டி, “சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள்.