குலென் மலைக்குப் போகிறீர்களா? அருவியைக் கடைசியில் வையுங்கள்

அங்கோர் வாட் பார்க்கக் கம்போடியா போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இது: "கோயில்களைப் பார்த்த பிறகு ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. குலென் மலைக்குப் போகலாமா?" தாராளமாகப் போகலாம். ஆனால், சியெம் ரீப் நகரில் விற்கும் பெரும்பாலான ஒருநாள் சுற்றுலாக்கள் அருவியையும் சயன புத்தரையும் காட்டிவிட்டுத் திருப்பி அழைத்து வந்துவிடும். காட்டுக்குள் இருக்கும் பழைய நகரம் விட்டுப்போகும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் நாளை நீங்களே திட்டமிட வேண்டும்.

சியெம் ரீப்பிலிருந்து வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் மணற்பாறை மலை குலென். 37,500 ஹெக்டேர் பரப்பு 1993இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கி.பி. 802இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்டது இந்த மலையில்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் கொள்ளும் முடிவு. மகேந்திர பர்வதம் என்ற அவனது தலைநகரைக் காடு மூடிவிட்டது. 2012இல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் கதிர்களைப் பாய்ச்சி அளந்தபோதுதான் மரங்களுக்கு அடியில் நேர்நேரான வீதிகளும் குளங்களும் மண்மேடுகளும் வரிசையாகத் தெரிந்தன.

எப்போது போவது?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அருவி நன்றாக விழ ஆற்றில் தண்ணீர் வேண்டும். ஆற்றுப் படுகையில் செதுக்கிய லிங்கங்கள் தெரியத் தண்ணீர் குறைந்து தெளிய வேண்டும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அப்போது அருவி பிரமாதமாக இருக்கும், ஆறு கலங்கி ஓடும், காட்டுப் பாதை சேறாகிவிடும். மார்ச், ஏப்ரலில் லிங்கங்கள் பளிச்சென்று தெரியும், அருவி மெலிந்திருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை சரியான காலம். ஏப்ரல் நடுவில் போகவே வேண்டாம். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் கெமர் புத்தாண்டும் வரும். ஊரே குடும்பத்தோடு மலையேறிவிடும். சனி, ஞாயிறையும் தவிர்ப்பது நல்லது.

ஏறுவதற்கும் நேரம் உண்டு

மலைச்சாலை குறுகலானது. அதனால் காலையில் ஏறும் வண்டிகளை மட்டும் விடுவார்கள், மதியத்துக்குப் பிறகு இறங்கும் வண்டிகளை மட்டும். காலை 11 மணிக்குள் அடிவாரச் சாவடியைத் தாண்டாவிட்டால் அன்றைய பயணம் போயிற்று. காலை ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள். துக்துக் இந்த ஏற்றத்துக்குச் சரிப்படாது, கார் பேசிக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 20 டாலர். அங்கோர் டிக்கெட் இங்கே செல்லாது.

முதலில் காடு

மலை மேல் சேர்ந்ததும் எல்லோரும் அருவிப் பக்கம் திரும்புவார்கள். நீங்கள் உள்ளூர் மோட்டார் பைக் ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டு இடிபாடுகளுக்குப் போங்கள். கூலியையும் பார்க்க வேண்டிய இடங்களையும் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மணல் பாதையில் குலுங்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும், முதுகுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அங்கோர் வாட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். தாம்ரேய் க்ராப் என்ற இடத்தில் மூன்று செங்கல் கோபுரங்கள் சிதைந்து நிற்கின்றன. அக்காலத்தில் அண்டை நாடாக இருந்த சம்பாவின் கட்டடச் சாயல் அவற்றில் உண்டு. ஸ்ரா தாம்ரேயில் ஒரே பாறையில் செதுக்கிய பெரிய யானையும் பக்கத்தில் சிங்கங்களும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. உச்சியில் உள்ள ரோங் சென் அடுக்கடுக்கான மேடை. ஜெயவர்மனின் பதவியேற்புச் சடங்கு நடந்த இடம் அதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்க்க முடியாது. முதல்முறை போகிறவர்களுக்கு ஸ்ரா தாம்ரேயும் வழியில் இன்னொரு இடமும் போதும்.

ஓட்டுநர் போகாத பாதையில் ஓரடி கூட வைக்காதீர்கள். உள்நாட்டுப் போரில் கெமர் ரூஜ் படைகள் பதுங்கியிருந்த மலை இது. கண்ணிவெடி அபாயம் இன்னும் முழுதாக விலகவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் போகக் கூடாது. சிறுநீர் கழிக்க ஒதுங்குவதாக இருந்தாலும் பாதையோரத்திலேயே.

ஆறும் புத்தரும்

திரும்பி வந்ததும் ஆற்றுக்குப் போங்கள். வெயில் நேராக விழும் உச்சிப்பொழுதில்தான் படுகை நன்றாகத் தெரியும். சிற்றலை கொஞ்சம் அடங்கும்வரை ஒரே இடத்தில் நின்று பாருங்கள். முதலில் வெறும் புடைப்புகள்போல் இருக்கும். பிறகு வரிசை பிடிபடும், சதுரமான ஆவுடையும் புலப்படும். லிங்கங்களைத் தழுவி வரும் இந்தத் தண்ணீர்தான் சியெம் ரீப் ஆறாகி அங்கோரின் வயல்களுக்குப் பாய்ந்தது. படுகையில் இறங்கி மிதிக்காதீர்கள், மணற்பாறை தேயும்.

பக்கத்திலேயே ப்ரேயா ஆங் தோம். பெரும்பாறை ஒன்றின் உச்சியில் செதுக்கிய, எட்டு மீட்டர் நீள சயன புத்தர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேற வேண்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். காணிக்கை போடச் சில்லறை ரியால் நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அருவி

அருவி இரண்டு அடுக்கு. மேலே இருப்பது சின்னது, குழந்தைகளுக்கு ஏற்றது. கீழே விழுவது பெரியது. அங்கே இறங்கும் மரப்படிகள் செங்குத்தானவை, ஈரத்தில் வழுக்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்களை மேலேயே உட்கார வைத்துவிடுங்கள். குற்றாலத்தில் குளிப்பதுபோல் இங்கும் உடையோடுதான் குளிக்கிறார்கள். சுடிதாரோடு இறங்கினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மதியம் இறங்கும் நேரத்தில் மற்றவர்கள் கிளம்பிவிடுவதால் கூட்டமும் குறைந்திருக்கும்.

அருவிக்கரைக் கடைகளில் பாய் விரித்த குடில்கள் வாடகைக்குக் கிடைக்கும். சுட்ட கோழியும் மீனும் சோறும் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் நகரத்திலேயே கட்டுச்சோறு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு விழுந்திருக்கும். வழியில் செவ்வாழைத் தார்கள் தொங்கும் கடைகளைப் பார்ப்பீர்கள். குலென் மலையின் செவ்வாழைக்கு அந்த நாட்டில் தனி மவுசு. ஒரு சீப்பு வாங்கிக்கொண்டால் மாலைப் பசிக்கு ஆகும்.

யார் போக வேண்டாம்?

கம்போடியாவில் இரண்டே நாள் இருப்பவர்கள் குலெனை விட்டுவிடலாம். அங்கோருக்கே அந்த நாட்கள் போதாது. லிங்கங்களை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு, இதே மலைத்தொடரில் இருக்கும் க்பால் ஸ்பீயன் எளிது. அங்கோர் டிக்கெட்டே அங்கே செல்லும். ஒன்றரை கிலோமீட்டர் காட்டுப் பாதையில் ஏறினால் ஆற்றுப் படுகைச் சிற்பங்கள். வழியில் பந்தே ஸ்ரேய் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று நாளுக்கு மேல் இருக்கிறவர்கள், குலுங்கும் பைக்குக்கும் சேற்றுக்கும் முகம் சுளிக்காதவர்கள் ஆகியோருக்கு மட்டும் என் பரிந்துரை குலென்தான்.