சிறுவாடும் சின்ன ரகசியமும்

அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் என்று திருக்கடையூர் அமிர்தகடேஸ்வரர் கோயிலுக்கு வரும் தம்பதிகளுக்குக் குறைவே இல்லை. அத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும் அவரவருக்கென்று ஒரு சின்ன மூலை வேண்டும். அதைக் காக்கச் சில வழிகள்:

● சிறுவாடு: 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனதும், அரிசிப் பானையில் புதைத்த சேமிப்பின் குட்டு பல வீடுகளில் உடைந்தது. பானைக்குப் பதிலாக, உங்கள் பெயரில் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம். நாமினி எழுத மறக்காதீர்கள்.

● போன்: கேட்காமல் திறக்காதீர்கள். மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது, 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஆனால், ரகசிய ஒலிப்பதிவை விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்றது, 2025-ல் உச்ச நீதிமன்றம். சட்டம் எப்படிப் போனாலும், வேவு பார்க்கும் வீட்டில் நிம்மதி தங்காது.

● பிறர் ரகசியம்: தங்கையோ தோழியோ நம்பிச் சொன்னதை ஒப்பிக்க வேண்டியதில்லை. "அது அவ விஷயங்க, நான் சொல்றது சரியில்ல" என்றால் போதும்.

● மறைக்கக் கூடாதவை: கடன், ஜாமீன் கையெழுத்து, நோய். குறுவைச் செலவுக்கு வளையலை அடகு வைத்த சேதி, ஏல நோட்டீஸ் வந்து தெரியக் கூடாது.

● உரைகல்: நாளைக்குத் தெரிந்தால் துணை சிரிப்பாரா, உடைந்துபோவாரா? சிரிப்பார் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.