நம்ம ஊருக்கு ஒரு நோட்டு



நம் குழுவில் எத்தனை நோட்டு வைத்திருக்கிறோம்? தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு–கடன் பேரேடு, வருகைப் பதிவேடு. ஐம்பது ரூபாய் சந்தா என்றாலும் எழுதி வைக்கிறோம். எழுதாத கணக்கு சண்டையில் முடியும் என்று அனுபவத்தில் கத்துக்கிட்டோம். ஆனால் நம்ம ஊரைப் பற்றி ஒரு நோட்டு இருக்கா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

பாரிவாக்கம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம். "ஏரி நிரம்பினா தண்ணி எந்த வழியா போகும்?" பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வாடகைக்கு வந்தவர்கள், மற்றவர்கள் மருமகளாக வந்தவர்கள். யாருக்கும் தெரியவில்லை. பேரனை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி மட்டும், "நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்தத் தெரு வழியாத்தான்டி போகும். இது அப்போ வாய்க்கா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் ஒரு உறுப்பினர், "2015 மழையில ஏன் நம்ம வீட்டுக்குள்ள மட்டும் தண்ணி வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்றார். சிரிப்பு நின்று விட்டது.

அந்த ஒரு விஷயம் அந்தப் பாட்டிக்குத்தான் தெரியும். எந்த நோட்டிலும் இல்லை. அவருக்குப் பிறகு?

பெரிய ஊருக்கு எழுதினார்கள், நம்ம ஊருக்கு?

நம்மைச் சுற்றி வரலாறு எழுதப்பட்ட ஊர்கள் நிறைய இருக்கு. திருமழிசை என்றால் திருமழிசை ஆழ்வார். பூவிருந்தவல்லி என்றால் திருக்கச்சி நம்பிகள். குன்றத்தூர் என்றால் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். கோயில் இருக்கு, புத்தகம் இருக்கு, சொல்ல ஆள் இருக்கு.

பாரிவாக்கம் போன்ற சின்ன ஊருக்கு இருப்பது ஏரி, ஊர் எல்லையில் அம்மன், ஆடி மாசக் கூழ், நாத்து நட்ட கைகள். ஊர்ப் பெயரில் உள்ள 'வாக்கம்' என்பது 'பாக்கம்' என்ற சொல்தான். குடியிருப்பு, ஊர் என்று பொருள். வில்லிவாக்கம், புரசைவாக்கம் எல்லாம் ஒரு காலத்தில் நம்ம ஊர் மாதிரி கிராமங்கள்தான். இன்று அங்கே வயல் எங்கே இருந்தது என்று கேட்டால் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? ஆவடி ரோட்டில் ஓடும் லாரிகளையும், புதிதாகப் போடும் மனைகளையும் பார்த்தால், நமக்கும் அதே நிலை வர அதிக நாள் ஆகாது.

ஏரியைக் காத்தது ஊர்க்கூட்டம்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பார்கள். அப்படி எடுத்த வாரியங்களில் ஒன்று 'ஏரி வாரியம்'. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே தனிக் குழு! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு.

அதில் ஒரு நிபந்தனையும் உண்டு. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர்தான் உறுப்பினர் ஆகலாம். நிலமில்லாத கூலிக்காரர்களின் பெயர் குடத்துக்குள் போகவே வழியில்லை. ஏரியில் மண் வெட்டியவர்கள் யார், சுமந்தவர்கள் யார் என்று நாம் யோசிக்க வேண்டும். பெருமையும் நம்முடையது, விடுபட்டதும் நம்முடையது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அயர்லாந்தில் பிள்ளைகள் எழுதிய நோட்டு

ஐரோப்பாவில் அயர்லாந்து என்று ஒரு சின்ன நாடு இருக்கு. நம்மைப் போலவே பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடு. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பல லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். கிராமங்கள் காலியாகின. தாய்மொழி பேசுபவர்களும் குறைந்து போனார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு, 1937-ல் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளின் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, "வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வாங்க" என்றார்கள். ஊர்க் கதை, கிணறு, கைத்தொழில், விளையாட்டு, கை வைத்தியம், பஞ்ச காலத்து நினைவு என்று தலைப்புகள். 1939 வரை சேர்ந்தது சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் பக்கம்! இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் (UCD) பாதுகாப்பாக இருக்கு. இணையத்திலும் படிக்கலாம்.

அந்த ஊர்களில் 'மெஹல்' என்று ஒரு பழக்கம். இன்று உன் வயலுக்கு நான் வருகிறேன், நாளை என் வயலுக்கு நீ வா, கூலி கிடையாது. கேட்ட மாதிரி இருக்கா? நம் அம்மாக்கள் பிடி அரிசி சேர்த்ததும் சீட்டு பிடித்ததும் இதே மாதிரிதான். தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்பே பெண்களுக்குச் சேர்ந்து சேமிக்கத் தெரியும். அதுவும் நம் பாரம்பரியம்தான்.

நம் நோட்டில் என்ன எழுதலாம்?

1. தண்ணீர்: ஏரிக்கு வரத்துக் கால்வாய் எது, மதகு எத்தனை, கலங்கல் எங்கே, உபரி நீர் எங்கே போய்ச் சேரும், தூர்ந்து போன குளம், கிணறு எவை.

2. பொது நிலம்: மேய்க்கால், மந்தைவெளி, களம், வண்டிப்பாதை, சுடுகாடு.

3. வேலை: என்ன நெல் போட்டார்கள், நடவுக்கு என்ன கூலி, கூலி நெல்லாகவா பணமாகவா, யார் ஏரியில் மீன் பிடித்தார்கள்.

4. சாமியும் திருவிழாவும்: கூழ் வார்த்தல், காப்புக் கட்டு, தெருக்கூத்து.

5. சாப்பாடு, வைத்தியம், பாட்டு: வரப்பில் பறித்த கீரை, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்த மருந்து, நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி.

6. கஷ்டம்: பஞ்சம், வெள்ளம், யாரை எந்தக் கிணற்றில் தண்ணி எடுக்க விடவில்லை, யார் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை.

ஆறாவதை விட்டுவிட வேண்டாம். ஊர் பக்கம் மட்டும் கேட்டு, காலனிப் பக்கம் கேட்காமல் எழுதினால் அது பாதி ஊரின் கதைதான்.

எப்படி எழுதுவது?

ஒரு குழுவுக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. பெரியவர்கள் ஓய்வாக இருக்கும் மத்தியான நேரத்தில் போங்கள். "வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால், "எனக்கு என்னம்மா தெரியும்" என்பார்கள். "நீங்க கல்யாணம் ஆகி வந்தப்போ தண்ணி எங்கே எடுத்தீங்க பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள், தானாகப் பேச்சு வரும். அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள், திருத்த வேண்டாம். சொன்னவர் வயசு, தேதி குறியுங்கள். பெயர் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் பதிவு செய்வதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

பிறகு எல்லோரும் சேர்ந்து தரையில் கோலமாவால் ஊர் வரைபடம் போடுங்கள். அதைத் தாளில் பார்த்து வரையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் கிராம வரைபடம், 'அ' பதிவேடு இரண்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டி சொன்ன வாய்க்கால் அதில் இருந்தால் நம் பேச்சுக்குப் பலம் கூடும். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கு. கிராம சபையிலோ, நகரத்தோடு சேர்ந்த ஊர் என்றால் ஏரியா சபையிலோ, "வாய்க்காலைத் தூர் வாருங்க" என்று மனு கொடுக்கும்போது இந்த நோட்டு நம் கையில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வரைபடம் போடும்போது நம் உறுப்பினர் ஒருவரின் வீடே வாய்க்கால் மேல் இருக்கலாம். மனை விற்றவன் போய்விட்டான், கடன் வாங்கிக் கட்டியவள் இருக்கிறாள். யாரையும் காட்டிக் கொடுக்க இந்த நோட்டு இல்லை. அந்த வீடுகளுக்கு மாற்று இடம் கேட்பதும், இனிமேல் யாரும் தெரியாமல் அப்படி மனை வாங்காமல் தடுப்பதும் கூட்டமைப்பின் வேலை. அதைக் குழுவில் முதலிலேயே பேசி முடிவு செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

குழுவில் கலந்து பேச

* நம் ஊரில் அறுபது வயசுக்கு மேற்பட்ட பெண்கள் எத்தனை பேர்? அவர்களிடம் கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினோம்?
* நம் தெரு ஒரு காலத்தில் என்னவாக இருந்தது?
* நாம் மருமகளாக வந்த ஊர் இது. பிறந்த ஊரின் கதையை யார் எழுதுவார்கள்?

இந்த மாத வேலை

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அடுத்த கூட்டத்துக்குள் ஒரே ஒரு பாட்டியிடம் போய் ஒரு பக்கம் எழுதி வாருங்கள். கூட்டத்தில் வாசியுங்கள், தீர்மானப் புத்தகத்திலும் பதிவு செய்யுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பள்ளிக்கூடம் போகும் மகளோ மகனோ எழுதட்டும். அயர்லாந்துப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதினார்கள்.

பாரிவாக்கத்துப் பாட்டியிடம் திரும்பிப் போனபோது, "இதையெல்லாம் எதுக்கும்மா எழுதுறீங்க, எனக்கே மறந்து போகுது" என்றார். அதனால்தான் பாட்டி, என்றோம்.

ஆளுக்கு ஒரு பக்கத்தோடு அடுத்த மாதம் சந்திப்போம்.