லூகருக்கு ஏன் அந்த விலை? பழைய கைத்துப்பாக்கி வாங்குமுன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் ஒரு கன் ஷோவுக்குள் நுழைந்தால் முதல் மேஜையிலேயே தலை சுற்றும். இரண்டு பிஸ்டல்கள். ஒரே வடிவம், ஒரே .45 தோட்டா, இரண்டுக்கும் பெயர் 1911. ஒன்று 500 டாலர், பக்கத்தில் இருப்பது 4,000. காரணம் கேட்டால் "இது கிளாசிக் சார்" என்ற தோரணையில் ஒரு பதில் வரும். அந்த ஒரு சொல்லை நம்பிப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு கையைப் பிசைந்தவர்களை நிறையவே பார்த்தாயிற்று. எவ்வளவு நன்றாகச் சுடும் என்பதற்கும் விலைக்கும் பல நேரங்களில் சம்பந்தமே இருக்காது. அந்த இரும்புக்குள் எத்தனை மணி நேர உழைப்பு போயிருக்கிறது, இன்று எத்தனை மிச்சம், வேறு யாராவது அதையே செய்து விற்கிறார்களா, சட்டம் எந்தக் கதவை மூடியிருக்கிறது என்பதில்தான் விலை இருக்கிறது. அமெரிக்காவில் வசித்து, இந்த வார இறுதியில் கடைக்குக் கிளம்பும் எண்ணத்தில் இருக்கிறீர்கள் என்றால், படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு என்று சில விதிவிலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை வக்கீலிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தாலும் உங்கள் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். விலையில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. லூகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் ராணுவம் 1908-ல் ஏற்றதால் அதற்கு பி08 என்று பெயர். சுட்டதும் முழங்கால் மடங்குவதுபோல் மேலே எழுந்து மடியும் அதன் பூட்டு, கெட்டி எஃகுத் துண்டைப் பல தடவை கடைந்து, கடைசியில் கையால் அராவி இழைத்துப் பொருத்தியது. அந்தச் செலவு ஜெர்மனிக்கே கட்டுப்படியாகவில்லை. 1938-ல் வால்தர் பி38-க்கு மாறினார்கள், 1942-ல் மவுசர் ஆலை ராணுவத்துக்கு லூகர் செய்வதையே நிறுத்தியது. இன்றைக்கும் மலிவான லூகர் நகல் என்று ஒன்று சந்தையைப் பிடிக்காததற்குக் காரணம் இந்தக் கடைசல் வேலைதான்.

நகல்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911-ன் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. பிலிப்பைன்ஸிலும் துருக்கியிலும் ஆலைகள் அதைச் செய்து தள்ளுகின்றன, அதனால்தான் 500 டாலருக்குக் கிடைக்கிறது. 1873-ன் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரும் அப்படித்தான். கோல்ட் முத்திரை வேண்டுமென்றால் பெரும் விலை, அதே உருவம் போதுமென்றால் இத்தாலியின் உபெர்ட்டி, அந்தப் பாணியில் உறுதியான ஒன்று போதுமென்றால் அச்சில் வார்த்த ஃபிரேமுடன் ரூகர்.

4,000 டாலர் 1911 என்றால் அந்தப் பணம் எங்கே போனது என்று காட்டச் சொல்லுங்கள். ஸ்லைடும் ஃபிரேமும் ஆட்டமில்லாமல் கையால் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், உள்ளே இருக்கும் சிறு பாகங்கள் எஃகிலிருந்து கடைந்தவையாக இருக்க வேண்டும். நைட்ஹாக் கஸ்டம் போன்ற கம்பெனிகளில் ஒரு துப்பாக்கியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள்தான் பொருத்துகிறார். அந்த ஆளின் சம்பளத்தைத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள். இலக்குப் பலகையில் ஓட்டை போட்டுப் பழக மட்டும்தான் என்றால் 500 டாலர் சரக்கே தாராளம்.

ஸ்லைடில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். இரண்டாம் உலகப் போரில் 1911-ன் திருத்திய வடிவமான 1911ஏ1-ஐச் செய்தவர்களில் கோல்ட் ஒன்றுதான் பரம்பரையாகக் கைத்துப்பாக்கி செய்யும் பெரிய கம்பெனி. டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட் எட்டரை லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தது. ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் சுமார் 55,000. நம் வீடுகளில் தையல் மெஷினாக வந்த அதே சிங்கர், 1941-ல் சோதனை ஆர்டருக்காகச் செய்தது வெறும் 500. வடிவம் ஒன்று, தோட்டா ஒன்று, ஆனால் சிங்கரின் விலை வேறு உலகம். போலி முத்திரை அடித்து விற்பவர்கள் முதலில் கை வைப்பதும் சிங்கரில்தான். நிபுணர் பார்க்காமல் தொடாதீர்கள்.

எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். லூகரின் ஃபிரேமில் உள்ள சீரியல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் சின்னஞ்சிறு பாகங்களிலும் பதிந்திருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் ஒரு விலை, ஒரே ஒரு பாகம் மாறியிருந்தாலும் வேறு விலை. மேகசின் எண்ணும் ஒத்துப்போனால் விற்பவர் குரலே மாறிவிடும், கவனியுங்கள். போரில் சோவியத் படையிடம் சிக்கிய லூகர்கள் பிரித்துக் கலந்து, மறுபடி கறுப்பு முக்கி எடுக்கப்பட்டவை. சுடலாம், ரசிக்கலாம், ஆனால் சேகரிப்பாளர் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இப்போதும் உற்பத்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ஜியத்தின் எஃப்என் 1935-ல் கொண்டுவந்த பிரௌனிங் ஹை-பவரின் உற்பத்தி முடிந்துவிட்டதாக 2018-ல் செய்தி வந்ததும் பழைய சரக்கின் விலை ஏறியது. 2021-ல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியின் எஸ்ஏ-35, 2022-ல் எஃப்என் நிறுவனத்தின் புதிய மாடல் என்று மறுபடி கடைக்கு வந்தன. அவசரப்பட்டவர்கள் முழித்தார்கள். (இந்திய ராணுவமும் போலீஸும் இடுப்பில் வைத்திருக்கும் இஷாப்பூர் 9 மி.மீ. பிஸ்டலும் இந்த ஹை-பவரின் வாரிசுதான்.)

கோல்ட் ரிவால்வர் என்றால் கம்பெனியின் ஆவணக் கடிதம் கேளுங்கள். ஆலையை விட்டு எப்போது, என்ன மெருகில், யாருக்கு அனுப்பப்பட்டது என்று பதிவேட்டிலிருந்து எழுதித் தருவார்கள். கடிதத்துக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

செய்யக்கூடாதவை

பளபளப்பாக்காதீர்கள். பாட்டி வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதைத் தேய்த்தால் விலையும் சேர்ந்து கரைந்துபோகும். தேய்ந்த பழைய நீல மெருகை (ப்ளூயிங்) சேகரிப்பாளர்கள் மன்னிப்பார்கள். புதிதாக ரீ-ப்ளூ செய்ததை மன்னிக்கவே மாட்டார்கள், ஏனென்றால் பாலிஷ் சக்கரம் எழுத்துகளின் ஓரத்தையும் முத்திரைகளையும் மழுக்கிவிடுகிறது. "புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்று யாராவது சொன்னால், எழுத்துகளின் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள்.

பட்டப்பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். "பிளாக் விடோ லூகர்" என்று தனியாக எதையும் ஜெர்மன் ராணுவம் வாங்கவில்லை. போர்க்காலத்தில் மவுசர் செய்த, கறுப்பு பேக்கலைட் கைப்பிடி போட்ட சாதாரண பி08-க்குப் பின்னாளில் வியாபாரிகள் வைத்த பெயர் அது.

டிவி தொடரைப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். கோல்ட் பைத்தான் 1955-ல் வந்தது. ஆழமான நீல மெருகு, கையால் பொருத்திய ட்ரிகர், அதனாலேயே அதிக விலை. 2005-ல் நிறுத்தினார்கள். 2010-ல் 'தி வாக்கிங் டெட்' கதாநாயகன் அதைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் விலை இன்னும் ஏறியது. 2020-ல் கோல்ட் அதையே துருப்பிடிக்காத எஃகில், 1,499 டாலர் பட்டியல் விலையில் திரும்பக் கொண்டுவந்தது. சுடத்தான் வேண்டும் என்றால் புதியதை வாங்குங்கள். பழையதில் நீங்கள் வாங்குவது அந்த நீலத்தை. என்னைக் கேட்டால் அந்த நீலம் அந்தக் காசுக்குத் தகும், ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

வால்தர் பிபிகேயையும் பிபிகே/எஸ்ஸையும் ஒன்றாக நினைக்காதீர்கள். 1968-ன் துப்பாக்கிச் சட்டம் இறக்குமதிப் பிஸ்டல்களுக்கு அளவு பார்த்து மதிப்பெண் போட்டது, வால்தர் பிபிகே உயரத்தில் தோற்றது. அதனால் பிபி மாடலின் உயரமான ஃபிரேமில் பிபிகேயின் ஸ்லைடை ஏற்றி பிபிகே/எஸ் என்று அனுப்பினார்கள். சட்டத்துக்கு முன்பே வந்து சேர்ந்த பிபிகேக்கள் அமெரிக்காவில் அதிக விலை கேட்பது இதனால்.

வெப்லி ரிவால்வரின் சிலிண்டரைப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளின் வெப்லி மார்க் 6, .455 தோட்டாவுக்கானது. அமெரிக்காவுக்கு வந்த பலவற்றின் சிலிண்டரைப் பின்பக்கம் இழைத்து .45 ஏசிபி போடும்படி மாற்றிவிட்டார்கள். சேகரிப்பு மதிப்பு அன்றே போயிற்று. இதைவிட முக்கியம், கடையில் கிடைக்கும் சாதாரண .45 ஏசிபி தோட்டாவை அதில் போடாதீர்கள். அந்த அழுத்தம் இந்தப் பழைய சிலிண்டர் தாங்க வேண்டியதைவிட அதிகம்.

எண்கள் முழுக்க ஒத்துப்போகும் லூகரை எடுத்துக்கொண்டு சுடப் போகாதீர்கள். ஒரு சிறு பாகம் உடைந்தால் மாற்றுப் பாகம் கிடைக்கும், அந்த எண் கிடைக்காது. சுட ஆசை என்றால் எண் கலந்த இன்னொன்றை மலிவாக வாங்கி வையுங்கள்.

அழகாக இருக்கிறதே என்று தோள்கட்டையை வாங்கி மாட்டாதீர்கள். லூகர், மவுசர் சி96 போன்றவற்றில் மரத் தோள்கட்டை சேரும் காடி இருக்கும். கட்டையை மாட்டிய நொடியில் சட்டத்தின் கண்ணில் அது குட்டைக் குழல் ரைஃபிள், அதற்கு முன்கூட்டியே பதிவு வேண்டும். சில அசல் ஜோடிகளுக்கு விலக்கு உண்டு, நகல் கட்டைக்கும் அது இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

"நார்மண்டியில் தாத்தா கைப்பற்றியது" என்ற வாய்க்கதைக்கு ஒரு டாலர்கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ராணுவம் கொடுத்த கைப்பற்றல் சான்றிதழ் இருந்து, அதில் சீரியல் நம்பரும் இருந்தால் அது வேறு பேச்சு.

வேறு மாநிலத்துக்காரரிடம் பார்க்கிங் லாட்டில் காசு கொடுத்து வாங்காதீர்கள். மாநிலம் தாண்டிய தனியார் விற்பனை லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் நடக்க வேண்டும். பின்னணிச் சோதனை முடிந்து, படிவம் நிரப்பி வாங்குங்கள்.

துப்பாக்கியை ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று கனவிலும் நினைக்காதீர்கள். இந்தியாவில் ஆயுதச் சட்டம் வேறு, லைசென்ஸ் வேறு. ஷூட்டிங் ரேஞ்சுக்குத் தூக்கிப்போன பையையும் சென்னைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பையின் மடிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் பயணிகள்மேல் வழக்குப் பதிவாவது வழக்கமான செய்தி. ரேஞ்சுக்கென்று ஒரு பையை இன்றே தனியாக ஒதுக்கி, அலமாரியில் பூட்டி வையுங்கள்.